ஆறிய காயத்துக்குள் ஆறாத கிருமி

காலில் ஒரு சின்ன வெட்டு. அதில் சேற்றுத் தண்ணீர் பட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டியாகிவிட்டது. ஒரு வாரத்தில் காயத்தின் வாயும் மூடிக்கொண்டது. பத்தாவது நாள் குளிர்காய்ச்சல் வருகிறது. மூடிப்போன அந்தக் காயத்துக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்குத் தோன்றும்? நோயாளிக்குத் தோன்றுவதில்லை. கேட்காமல் விட்டால் மருத்துவருக்கும் தெரிய வழியில்லை.

பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் 'காய்ச்சலில் போனார்' என்ற ஒரே வரியில் முடிந்துபோன சாவுகள் ஏராளம். காய்ச்சல் என்றால் மலேரியா. அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஆனால் கொசு கடிக்காமலே, காயத்தின் வழியாக மண்ணிலிருந்து ஏறிய காய்ச்சலும் இருந்தது. அதன் வரலாற்றில் முக்கியமான ஒரு பக்கம் நம் மக்களின் உடம்பில் எழுதப்பட்டது.

பேராக்கில் ரப்பரின் கதை 1877இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு கோலகங்சாரில் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ ஒன்பது ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் நிற்கிறது. சுற்றுப்பயணிகள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கன்றுகளுக்குப் பின்னால் முப்பது ஆண்டுகளுக்குள் காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். சுங்கை சிப்புட், செம்மோர், கோப்பெங், தெலுக் இந்தான் என்று கிந்தா ஆற்றங்கரையிலும் பேராக் ஆற்றங்கரையிலும் லயன் வீடுகள் எழுந்தன.

விடியுமுன் பிரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் நிரைக்கு ஓட்டம். ஒரு கையில் பால் வெட்டும் கத்தி, தோளில் காண்டா, காலில் ஒன்றும் கிடையாது. மழை பெய்து ஓய்ந்த காட்டில் முள்ளும் வேரும் கல்லும் குத்தாத நாளில்லை. கத்தி நழுவினால் கை கிழியும். புதுக்காட்டில் கான் வெட்டுபவரின் கால் நாள் முழுவதும் சேற்றிலேயே ஊறும். இவை யாரும் பெரிதாகப் பேசாத காயங்கள். மருந்துக் கிராணியார் டிஞ்சர் தடவி அனுப்பிவிடுவார். மறுநாள் வேலைக்கு வர வேண்டும்.

ரங்கூனின் பிணக்கூடம்

கிருமியைக் கண்டுபிடித்தது மலாயாவில் அல்ல, பர்மாவில். 1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். இறந்தவர்களில் பலர் ஏழைகள், மார்ஃபின் ஊசிக்கு அடிமையானவர்கள். அவர்களுடைய நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் இருந்தன. முதலில், குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற நோயோ என்று ஐயம் வந்தது. ஆனால் செத்தவர்கள் குதிரைக்காரர்கள் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், கிளாண்டர்ஸ் கிருமி நகராமல் கிடக்கும், இதுவோ நீந்தியது. ஆகவே இது வேறு கிருமி என்று முடிவு செய்து 1912இல் எழுதினார்கள்.

உலகம் இந்த நோயை வெகுகாலம் 'விட்மோர் நோய்' என்றே அழைத்தது. கிருஷ்ணசாமியின் பேர் அதில் ஒட்டவில்லை. ஊசி குத்திய புள்ளியும் ஒரு காயம்தான் என்பதை உணர்த்துவதுபோல, 'மார்ஃபின் ஊசி போடுவோரின் ரத்த நஞ்சு' என்ற பொருளில் 1917இல் அவர் தனியாக ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார்.

இனி கோலாலம்பூருக்கு வருவோம். 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அங்கே இருந்தது. 1913இல் அதன் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கினிப்பன்றிகளும் முயல்களும் திடீரென்று செத்து விழுந்தன. வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்தார். காரணம் உடனே விளங்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1917இல், ஒரு மனிதரின் உடலில் விட்மோரின் கிருமி கிடைத்தது. பிரித்தெடுத்தவர் ஏ.டி. ஸ்டாண்டன். அதுதான் மலாயாவில் மனிதரிடம் கண்ட முதல் நோய்.

அந்த மனிதர் யார்? மருத்துவ நூல்கள் அவரை 'தமிழ் ரப்பர்த் தோட்டத் தொழிலாளி' என்று குறிக்கின்றன. அவருக்கு இருந்த நோய் காலரா போலத் தோன்றியதாம். விட்மோர், ஸ்டாண்டன், ஃபிளெட்சர் என்று எல்லாருக்கும் பேர் உண்டு. நோயைத் தன் உடம்பில் சுமந்து காட்டியவருக்கு இனமும் தொழிலும் மட்டுமே அடையாளமாக மிஞ்சின. ஒரு சமூகம் வரலாற்றில் எப்படி நுழைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆய்வுக்கூடத்து விலங்குகளைக் கொன்றதும் இந்தத் தொழிலாளியைக் கொன்றதும் ஒரே கிருமி என்று ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் கண்டார்கள். 1921இல் நோய்க்கு 'மெலியாய்டோசிஸ்' என்று பேர் வைத்தார்கள். கிரேக்க மொழியில், கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைப் போன்றது என்று பொருள். நம் காதுக்கு 'மெலி' என்பது மெலிதலாகக் கேட்கிறது. தற்செயல்தான், என்றாலும் நாட்பட்ட நோயாளியைப் பார்த்தால் தமிழ்ப் பொருளே பொருத்தமாகத் தோன்றும்.

இருவரும் 1932இல் இந்த நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். ஒரு விஷயத்தில் தவறினார்கள். எலிகள்தான் இதைப் பரப்புகின்றன, அவை உணவை அசுத்தப்படுத்துகின்றன என்று நினைத்தார்கள். இந்த எலி சந்தேகத்துக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. எலியின் சிறுநீரால் பரவும் இன்னொரு நோய் உண்மையிலேயே அதே மண்ணில், அதே தண்ணீரில் இருந்தது. லெப்டோஸ்பைரோசிஸ் என்ற அந்த எலிக்காய்ச்சலை 1925இல் மலாயாவில் முதலில் அடையாளம் கண்டவரும் இதே ஃபிளெட்சர்தான். இரண்டு கிருமிகளும் ஒரே மேசைக்கு வந்து போயிருக்கின்றன. அவை ஒரே மனிதரின் உடம்பில் ஒன்றாகப் புகுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை வர இன்னும் 85 ஆண்டுகள் ஆயின.

மூங்கில் கீறிய கால்கள்

அதற்கு முன் ஜப்பானியர் காலம் வந்தது. சயாம் மரண ரயில் என்றால் பேராக்கின் பழைய குடும்பங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைந்தபோது, போனவர்களில் ஆயிரமாயிரம் பேர் காட்டிலேயே கிடந்துவிட்டார்கள். காலரா, மலேரியா, சீதபேதி. அவற்றோடு புண்.

அந்தப் புண்ணின் தொடக்கம் பெரும்பாலும் ஒரு மூங்கில் கீறல். பட்டினியால் வற்றிப்போன உடம்பில் அந்தக் கீறல் சில நாளில் உள்ளங்கை அகலமாகும். பிறகு எலும்பு தெரியும். இந்த வெப்பமண்டலப் புண்ணில் ஒரு கிருமி மட்டும் வேலை செய்வதில்லை. கதிர் வடிவக் கிருமியும் திருகு வடிவக் கிருமியும் கூட்டாகச் சேர்ந்து தசையைத் தின்கின்றன. மருத்துவம் இன்று கூட்டுத்தொற்று என்று சொல்வதை அந்த முகாம்கள் கண்ணால் பார்த்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்தில்லாத அவர்கள் தேக்கரண்டியைக் கூராக்கிப் புண்ணைச் சுரண்டினார்கள். ஆல்பர்ட் கோட்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் ஒரு முகாமில் நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை வெட்டி எடுத்து உயிரைக் காப்பாற்றினார். தமிழ்த் தொழிலாளர்களின் முகாம்களில் பெரும்பாலும் அப்படிச் சுரண்டவும் வெட்டவும்கூட ஆளில்லை.

மெலியாய்டோசிஸ் கிருமியும் அந்த மண்ணில் இருந்தது. அதற்கான சான்று வெகு தாமதமாக அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒரு முதியவரின் கையில் ஆறாத புண் வந்தது. சோதித்தால் அதே கிருமி! தொற்று நேர்ந்து 62 ஆண்டுகள் ஆகியிருந்தன என்று 2005இல் மருத்துவ இதழ் ஒன்று எழுதியது. அத்தனை காலம் அது உடம்புக்குள் உறங்கியிருக்கிறது. ரயில் பாதையிலிருந்து உயிரோடு திரும்பி, பல ஆண்டுகள் கழித்துப் பேர் தெரியாத காய்ச்சலில் போன நம் தாத்தாக்களை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

எலியா, மண்ணா?

கிருமியின் வீடு எலி அல்ல, மண்ணும் தேங்கிய நீரும்தான் என்பது இந்தோசீனாவில் பிரெஞ்சு மருத்துவர்கள் செய்த ஆய்வுகளால் மெல்ல விளங்கியது. மலேசியாவில் இதை முறையாகத் தேடியவர்கள் 1969இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஸ்ட்ராஸின் பேரோடு எம். மாரியப்பன் என்ற பேரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. நாட்டின் பல பகுதிகளில் மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதித்தார்கள். அடர்ந்த காட்டில் கிருமி குறைவு. நீர் நின்ற நெல்வயலிலும், காட்டை அழித்துப் புதிதாக எண்ணெய்ப்பனை நட்ட நிலத்திலும் அதிகம்.

இதைப் பேராக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அந்தக் காலகட்டத்திலிருந்துதான் ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டு எண்ணெய்ப்பனை வந்தது. நிலத்தைக் கிளறியவரும், கான் வெட்டியவரும், மருந்தடித்தவரும், பிறகு குலை தள்ளியவரும் பெரும்பாலும் அதே மக்கள். ரப்பர் போனது, மண் போகவில்லை. பனை மட்டையின் முள் ரப்பர்க் காட்டின் முள்ளைவிடக் கொடியது என்பதைக் குலை வெட்டியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

கிருமி தோலின் கீறல் வழியாக நுழைகிறது. மூச்சு வழியாகவும், குடிக்கும் நீர் வழியாகவும் நுழைவதுண்டு. நுழைந்த பிறகு அது ஒரு பகல்வேடக்காரன். நுரையீரலில் உட்கார்ந்தால் படத்தில் காசநோய் போலவே தெரியும். காசநோய் மருந்தை மாதக்கணக்கில் விழுங்கினாலும் பலனில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் கட்டியாக ஒளியும். மூட்டில் வீக்கமாக வரும். ரத்தத்தில் பரவினால் இரண்டொரு நாளில் ஆளையே கொண்டுபோய்விடும். காயம் பட்டதிலிருந்து காய்ச்சல் வரை பொதுவாக ஒன்றிலிருந்து 21 நாள். அதற்குள் காயம் ஆறியிருக்கும் என்பதுதான் இதில் பெரிய சூது.

மருந்தின் கதையும் நீண்டது. பென்சிலின் இதை ஒன்றும் செய்யாது. காயத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகள் பலவும் அப்படியே. வெகுகாலம் குளோராம்ஃபெனிகால் முதலிய பழைய மருந்துகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான நோயில் 100க்கு 74 பேர் இறந்தார்கள். தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நிக்கோலஸ் வைட் என்ற மருத்துவரின் குழு செஃப்டாசிடிம் என்ற ஊசிமருந்தைச் சோதித்து 1989இல் முடிவை வெளியிட்டது. இறப்பு 100க்கு 37 ஆகக் குறைந்தது. ஒரு மருந்து ஒரு நோயின் சாவைப் பாதியாக்கியது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி நடக்கும் காரியமல்ல. பேரில் அதன் உடன்பிறப்பு போல ஒலிக்கும் செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமியிடம் அந்த அளவு எடுபடவில்லை. காய்ச்சல் என்று வருபவருக்கு மருத்துவமனைகளில் முதலில் ஏறுவதோ பெரும்பாலும் அதுதான்.

லுபோக் யூ

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு தென் தாய்லாந்தில் உயிர் தப்பிய 6 பேருக்கு மெலியாய்டோசிஸ் கண்டதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அலையில் அடிபட்டுச் சேறு புகுந்த காயங்களில் ஒன்றல்ல, பல கிருமிகள் சேர்ந்தே வளர்ந்தன. சேற்றுக் காயம் என்றால் கூட்டமாக வரும் என்ற பாடத்தை அந்தப் பேரழிவு சொல்லித்தந்தது.

மலேசியாவுக்குப் பாடம் 2010இல் வந்தது. பகாங் மாநிலம் மாரான் மாவட்டத்தில் லுபோக் யூ என்ற காட்டு நீர்வீழ்ச்சிப் பொழுதுபோக்கிடம். அங்கே நீரில் மூழ்கியவரைத் தேடும் பணியில் மீட்புப் படையினரும் சுற்றுவட்டாரக் கிராம மக்களுமாக 153 பேர் இறங்கினார்கள். தேடிய இடத்தின் தண்ணீரிலும் மண்ணிலும் கிருமி இருந்தது. சில நாளில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். 10 பேருக்கு மெலியாய்டோசிஸ் உறுதியானது. அவர்களில் 4 பேருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்தே இருந்தது. மொத்தம் 8 பேர் இறந்தார்கள். செத்த ஒருவரின் உடலைத் தேடப் போய் எட்டு உயிர்.

ஃபிளெட்சரின் மேசையில் தனித்தனியாக வந்துபோன இரண்டு கிருமிகளும் இங்கே ஒன்றாக வந்தன. இதில் உள்ள ஆபத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். காய்ச்சல், தசைவலி, மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு என்று ஒருவர் வருகிறார். மழைக்காலம். எலிக்காய்ச்சல் சோதனை செய்கிறார்கள்; இருக்கிறது என்று வருகிறது. எல்லாருக்கும் நிம்மதி. நோயின் பேர் தெரிந்துவிட்டது! பென்சிலின் ஏற்றுகிறார்கள். எலிக்காய்ச்சலுக்கு அது சரியான மருந்துதான். ஆனால் கூடவே வந்த மற்றவனுக்குப் பென்சிலின் பச்சைத் தண்ணீர். ஒருவனைப் பிடித்த மகிழ்ச்சியில் இன்னொருவனைத் தேடாமல் விட்டால், சரியான மருந்து போகும்போதே நோயாளி சரிந்துகொண்டிருப்பார். முதல் கிருமி கிடைத்ததும் தேடலை நிறுத்துவதுதான் இந்தக் கூட்டுத்தொற்றில் உயிரைக் குடிக்கும் பிழை.

தேடுவதும் எளிதில்லை. ரத்தத்தையும் சீழையும் எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு நாளாகலாம், நான்கு நாளாகலாம். ஒரு முறை வளர்த்தால் உண்மையான நோயாளிகளில் 100க்கு 60 பேரிடம் தான் கிருமி சிக்கும் என்று தாய்லாந்து ஆய்வு கணக்கிட்டது. ஆகவே 'இல்லை' என்று ஒரு தாள் வந்தால் அது முடிவல்ல. ஆஸ்திரேலியாவில் ஆஷ்டவுன் என்பவர் இதற்கென்றே 1979இல் ஒரு வளர்ப்பு ஊடகம் தயாரித்தார். அதில் ஜென்டாமைசின் என்ற மருந்தைக் கலந்துவிடுவார்கள். மற்ற கிருமிகள் செத்துவிடும், இது மட்டும் ஊதா நிறத்தில் சுருக்கம் விழுந்த பூப்போல வளரும். கெட்டிக்காரத்தனமான வலை. சரவாக்கில் மட்டும் இந்த வலை ஓட்டை: அங்குள்ள கிருமிகளில் பெரும்பாலானவை ஜென்டாமைசினுக்கே செத்துவிடுவதாக 2014இல் தெரியவந்தது. நமக்குள்ளேயே கடல் கடந்தால் கிருமியின் குணம் மாறுகிறது.

பேராக்கின் வடக்கு எல்லையைத் தாண்டினால் கெடா. அங்கே அலோர் ஸ்டார் பகுதியில் 2005 முதல் 2008 வரை 145 நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 16 பேர். மூவரில் ஒருவர் இறந்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இனிப்பு நீர் இருந்தது. தேடினார்கள், கிடைத்தது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்த நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நோயின் பேர் தெரியாமலே போகிறார்கள்.

இனிப்பு நீர் என்றதும் பேச்சு நம் வாசலுக்கே வந்துவிடுகிறது. இந்தக் கிருமிக்கு மிகப் பெரிய கதவு அதுதான். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் பத்துப் பேரில் மூவருக்கு. எல்லா இனங்களிலும் நாம்தான் முன்னணி. பெருமைப்பட ஒன்றுமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது மக்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் மற்ற பட்டணப் பகுதிகளுக்கும் வந்தார்கள். மண் அவர்களை விடவில்லை. பாட்டி வாசலில் கீரைப் பாத்தி போடுகிறார், காலில் உணர்ச்சி மரத்துப்போனதால் கல் குத்தியது தெரியவில்லை. அப்பா பழைய ஈயக்குட்டையில் தூண்டில் போடுகிறார். பையன் மழையில் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுகிறான். அவன் எலும்பைச் சேர்த்துக் கட்டுகிறார்கள், புண்ணில் போன சேற்றை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது நான்கு வார்த்தை: எங்கே, எப்போது, எந்தத் தண்ணீரில், இனிப்பு நீர் உண்டா. இரண்டு வாரத்துக்கு முன் ஆறிப்போன காயம் என்றாலும் சொல்ல வேண்டும். சேறு புகுந்த காயத்தை மேலாகத் துடைத்துத் தைத்து மூடக்கூடாது. ஆழமாகக் கழுவி, செத்த சதையை எடுத்து, தேவையானால் திறந்தே வைப்பார்கள். அப்போது 'ஏன் தைக்கவில்லை' என்று உறவினர்கள் சண்டை பிடிப்பதும் உண்டு.

நோய் உறுதியானால் ஊசிமருந்து குறைந்தது 10 முதல் 14 நாள். அதற்குமேல் கோட்ரைமாக்சசோல் மாத்திரை 12 வாரம். இந்தப் பன்னிரண்டு வாரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு யார் மாத்திரை விழுங்குவது? நான்காவது வாரம் நின்றுவிடும். சில மாதம் கழித்து அதே ஆள் அதே காய்ச்சலோடு மறுபடியும் மருத்துவமனைக்கு வருவார். இந்த முறை புதிய காயம் எதுவும் இருக்காது.